வேஸர் கரையில் ஒரு நாள்: ஜெர்மன் ஆற்றுப் பாதைகளில் சைக்கிளும் கூடாரமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜெர்மனியின் பெரிய ஆறுகள் ஒவ்வொன்றின் கரையிலும் சைக்கிளுக்கென்றே குறிப்பலகை நட்ட நெடும்பாதை உண்டு. ரைன், எல்பெ, டானூப், மைன், மோஸல், வேஸர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். முதல்முறை கூடாரத்தோடு கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் காட்டுவது வேஸர் ஆற்றின் மேற்பகுதியை. கீழே உள்ள பதில்கள் அந்தப் பகுதியை வைத்து எழுதியவை. பெரும்பாலானவை மற்ற ஆறுகளுக்கும் ஒத்துவரும்.

ஏன் வேஸர்? ரைன் இன்னும் பெயர்பெற்றது அல்லவா?

பகலுக்கு ரைன் அழகுதான். இரவில் கூடாரத்தில் படுப்பவருக்கு நடு ரைன் பள்ளத்தாக்கு சரிப்படாது. அங்கே இரண்டு கரையிலும் ரயில் பாதை. சரக்கு ரயில்கள் விடியவிடிய ஓடும். மோஸல் அமைதியானது. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடையும் ஒயின் திருவிழாக்களும் சேர்ந்துகொண்டால் கேம்பிங் மைதானங்களில் இடம் கிடைப்பது பாடு.

வெர்ரா, ஃபுல்டா என்ற இரண்டு ஆறுகள் ஹன் மியுண்டன் என்ற சிறு நகரில் கூடுகின்றன. அங்கிருந்துதான் வேஸர் என்ற பெயர். வட கடலோரத்துக் குக்ஸ்ஹாஃபன் வரை பாதை சுமார் 520 கிலோமீட்டர். முதல் 135 கிலோமீட்டர், அதாவது எலிபிடிப்பான் கதைக்குப் பெயர்போன ஹாமெல்ன் வரை, இருபுறமும் காட்டு மலைகள், நடுவில் ஏற்றமில்லாத பாதை. பெரும்பகுதி தார் போட்டது, கார் வராதது. வழியில் ஊர்களும் கேம்பிங் மைதானங்களும் அடிக்கடி வருவதால், களைத்தால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

சுமையோடு சமதரையில் மிதிக்கும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். சாப்பாடு, படம் எடுப்பது, கடை, வழி பார்ப்பது எல்லாம் சேர்த்தால் மணிக்குப் பத்து அல்லது பன்னிரண்டுதான். ஆகவே 55 முதல் 60 கிலோமீட்டர் என்பது காலை ஒன்பதரைக்குக் கிளம்பி பிற்பகல் மூன்றரை மணிக்குள் முடியும் வேலை.

தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மாலை ஐந்து மணியை முதலில் குறித்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பல மைதானங்களின் வரவேற்பறை ஆறு மணிவாக்கில் மூடிவிடும். கூடாரம் அடிக்க, குளிக்க, துணி அலச, சமைக்க இரண்டு மணி நேரம் வேண்டும். துவைத்த துணி வெயில் இறங்குவதற்குள் கொடியில் ஏறாவிட்டால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும்.

ஒரு மாதிரி நாள் எப்படி இருக்கும்?

ஹன் மியுண்டனில் ஃபுல்டா ஆற்றுக்குள் டான்ஸ்வெர்டர் என்ற தீவில் கேம்பிங் மைதானம் இருக்கிறது. பழைய நகருக்கு நடந்தே போய்விடலாம். முந்தின மாலை அங்கே தங்கினால் காலை ஏழு மணிக்கு எழுந்து, தேநீர் போட்டு, கூடாரத்தின் மேல்துணியை உதறிக் கொடியில் போட்டு, ஒன்பது மணிக்குப் பெட்டி கட்டலாம். ஆறுகள் கூடும் முனையில் 1899-இல் நட்ட வேஸர் கல்லைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காடு ஒருபக்கம் தொடர்ந்து வரும். கீஸல்வெர்டரைத் தாண்டினால் லிப்போல்ட்ஸ்பெர்க். அங்கே 12-ஆம் நூற்றாண்டு மடாலயக் கோயில் ஒன்று உண்டு. தடித்த தூண்களும் கனத்த வளைவுகளுமாக உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஆற்றின் 45-ஆவது கிலோமீட்டரில் பாட் கார்ல்ஸ்ஹாஃபன். பிரான்ஸிலிருந்து மதக் காரணத்துக்காக ஓடிவந்த ஹ்யூகனாட்டுகளைக் குடியமர்த்த 1699-இல் கட்டிய ஊர். வெள்ளை வீடுகள் துறைமுகத்தைச் சுற்றி அளவெடுத்தாற்போல் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குச் சரியான இடம். முதல் நாள் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். எதிர்க்கரையில் மைதானம் இருக்கிறது. கால் பழகியவர்கள் பேஃபருங்கன் வழியாக 69-ஆவது கிலோமீட்டரில் உள்ள ஹொக்ஸ்டர் வரை போகலாம். ஊருக்குச் சற்று வெளியே கோர்வை மடாலயம். அதன் கரோலிங்கியர் கால (9-ஆம் நூற்றாண்டு) மேற்கு முகப்பு 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை மாலையில் அவசரமாகப் பார்க்க வேண்டாம். மறுநாள் காலை முதல் நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தவறாமல் போவது எப்படி?

ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய அம்புப் பலகைகள் சந்திப்புகளில் இருக்கும். பெயர் ஏதும் இல்லாமல் சைக்கிள் படமும் அம்பும் மட்டும் போட்ட சிறு சதுரப் பலகைகள் இடையிடையே வரும். ஹெஸ்ஸன், நீடர்ஸாக்ஸன் மாநிலங்களில் வெள்ளையில் பச்சை எழுத்து. ஹொக்ஸ்டர் பக்கம் நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்துக்குள் நுழைந்ததும் எழுத்து சிவப்பாகிவிடும். பாதை மாறிவிட்டதோ என்று பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். நிறத்தைப் பார்க்காதீர்கள், வேஸர் பாதையின் சின்னம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கரையில் கப்பலோட்டிகளுக்கு வைத்த கிலோமீட்டர் பலகைகளும் உதவும். ஹன் மியுண்டன் சுழியம், ஹாமெல்ன் 135. விபத்து நேர்ந்து 112-ஐ அழைத்தால் "இந்தக் கரை, வேஸர் கிலோமீட்டர் 58" என்று சொன்னாலே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர்ப் பெயரை உச்சரிக்கத் தெரியாதவருக்கும் இது போதும்.

"உம்லைட்டுங்" என்று எழுதியிருந்தால் மாற்றுப்பாதை. அதை மீறி நேரே போனால் பெரும்பாலும் தோண்டிப்போட்ட பாலத்தின் முன்னால்தான் போய் நிற்பீர்கள்.

ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாத இடத்தில்?

போல்லெ, க்ரோண்டெ, ஃபெக்கர்ஹாகன் போன்ற இடங்களில் இழுவைக் கம்பிப் படகுகள் ஓடுகின்றன. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி. அதில் உருளும் சக்கரங்களிலிருந்து இரண்டு வடங்கள் படகைப் பிடித்திருக்கும். படகோட்டி ஒரு வடத்தைச் சுருக்கி மற்றதை நீட்டினால் படகு நீரோட்டத்துக்குச் சாய்கோணத்தில் நிற்கும். நீரே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் சத்தம் இல்லை. வேஸர் பயணத்தில் தவறவிடக் கூடாத ஒன்று எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

நீரோட்டத்தை நம்பிய படகு என்பதால் வெள்ளத்திலும் நீர் மிகக் குறைந்தபோதும் நின்றுவிடும். மேல் வேஸரின் நீர்மட்டம் மழையை மட்டும் பொறுத்ததல்ல. 1914-இல் கட்டி முடித்த ஏடர் அணையிலிருந்து திறந்துவிடும் நீரையும் பொறுத்தது. கோடை முடிவில் அணை வற்றினால் ஆறும் இறங்கும். ஓடும் மாதங்களும் நேரமும் படகுக்குப் படகு வேறு, துறையில் பலகை இருக்கும். சில்லறை கையில் வையுங்கள்.

ஆற்றங்கரையில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாமா?

கூடாது. காட்டிலும் வயல்வெளியிலும் அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பதை மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. இயற்கைக் காப்புப் பகுதி என்றால் அபராதம் கடுமை. கரையோரப் புல்வெளிகள் பலவும் பறவைகள் முட்டையிடும் இடங்கள், ஆகவே இது வெறும் சட்டக் கெடுபிடி அல்ல.

நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இரவு தங்குவது பெரும்பாலும் சிக்கல் இல்லாதது. மைதானங்களுக்கு அடுத்தபடியாக நம்பத்தக்கவை படகுச் சங்கங்கள். துடுப்புப் படகுச் சங்கங்கள் பலவும் தங்கள் புல்தரையில் சைக்கிள்காரர்களுக்கு இடம் தருகின்றன. கழிப்பறையும் குளியலும் இருக்கும், கட்டணம் குறைவு. முதல்நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வார நாளில் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கலாம்.

கேம்பிங் மைதானத்தில் நடைமுறை என்ன? எவ்வளவு ஆகும்?

ஆளுக்கு ஒரு தொகை, கூடாரத்துக்கு ஒரு தொகை, சில ஊர்களில் சுற்றுலா வரி. ஒருவருக்கும் சிறு கூடாரத்துக்கும் சேர்த்து 12 முதல் 20 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலுக்குத் தனியாக 50 சென்ட் அல்லது ஒரு யூரோ நாணயமோ வில்லையோ கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. நாணயம் போட்டதும் தண்ணீர் சில நிமிடமே வரும். சோப்பு போடும்போது நிறுத்தினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம், வரவேற்பறை மூடியிருக்கும். இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது, இதை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். காலை ரொட்டி வேண்டுமென்றால் முந்தின மாலையே பட்டியலில் பெயர் எழுத வேண்டும். சைக்கிள் கூடாரத்துக்கு முன்பதிவு பொதுவாக வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் வியாழனன்று வரும் விடுமுறைகளையொட்டிய நீண்ட வார இறுதிகள் மட்டும் விதிவிலக்கு.

கூடாரத்தை எங்கே அடிப்பது? மழை இல்லாமலேயே உள்ளே நனைகிறதே?

நனைவது ஒழுகலால் அல்ல. இரவில் ஆற்றின் மேல் ஈரக் காற்று தேங்கும், பள்ளத்தாக்கில் குளிர் கீழே இறங்கும், உங்கள் மூச்சும் சேரும். மூன்றும் குளிர்ந்த மேல்துணியில் நீராகப் படிகின்றன. கதவையும் காற்றுத்துளையையும் முழுக்க மூடினால் நிலைமை மோசமாகும். மழை இல்லாத இரவில் கதவின் மேல்பாதியைத் திறந்து வலையை மட்டும் மூடுங்கள். உள்துணி மேல்துணியைத் தொடாதபடி இழுகயிறுகளை விறைப்பாகக் கட்டுங்கள். காலையில் ஒரு நுண்ணிழைத் துணியால் மேல்துணியைத் துடைத்துப் பிழிந்தால் அரைக் கிலோ வரை சுமை குறையும்.

நீர் விளிம்பை ஒட்டிய இடம் படத்துக்கு நன்றாக இருக்கும், தூக்கத்துக்கு அல்ல. பத்து இருபது மீட்டர் தள்ளி, ஒரு படி மேலே அடித்தாலே பனி குறையும். பாப்ளர், வில்லோ மரங்களுக்கு நேர்கீழே வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் அவற்றின் கிளைகள் முறிந்து விழும். காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துக் கிழக்கு திறந்த இடமாகத் தேர்ந்தால் கூடாரம் ஒரு மணி நேரம் முன்னதாகக் காயும். உணவுப் பையை வெளியே விடாதீர்கள். வாத்துகளும் அன்னங்களும் வரும். காலணியை வெளியே விட்டால் ஓடில்லா நத்தைகள் குடியேறும்.

எவ்வளவு குளிரும்?

மே மாதத்திலும் செப்டம்பரிலும் பள்ளத்தாக்கில் இரவு 5 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தூக்கப்பையில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். "லிமிட்" என்பதை விட்டுவிட்டு "கம்ஃபர்ட்" எண்ணைப் பாருங்கள், அது 5 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. அதன் ஆர் மதிப்பு (சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) 2.5 முதல் 3 வரை இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தூக்கப்பையானாலும் ஈரத் தரை முதுகு வழியாகச் சூட்டை உறிஞ்சிவிடும்.

சுமை எவ்வளவு? எப்படிக் கட்டுவது?

உணவும் தண்ணீரும் நீங்கலாக 15 கிலோவுக்குள். பின்புறக் கேரியரில் இரண்டு 20 லிட்டர் பைகள், மேலே கூடாரம், கைப்பிடியில் ஒரு சிறு பை. முதுகுப்பை வேண்டவே வேண்டாம். கனமான பொருள்கள் பையின் அடியில், சட்டத்தை ஒட்டி. இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கிலோ வித்தியாசமே வளைவில் தெரியும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் கொக்கிகளின் இடத்தை மாற்றிப் பையைப் பின்னால் நகர்த்துங்கள். கீழ்க் கொக்கி கேரியர் கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அது விடுபட்டால் மேடுபள்ளத்தில் பை ஆடி ஸ்போக்ஸுக்குள் போய்விடும்.

கேரியரைப் பிடிக்கும் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இறுக்குங்கள். கூடுதலாக இரண்டு எம்5 போல்ட்டுகளை பம்ப்போடு சேர்த்து டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

டயர், காற்று, பஞ்சர் பற்றி?

40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். ஆளும் சுமையும் சேர்ந்து நூறு கிலோ என்றால் பின்னால் 4 பார், முன்னால் 3.5. காற்று குறைந்தால் கல்லில் ஏறும்போது ட்யூப் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பாம்புக் கடிபோல் இரட்டைத் துளை விழும். ஒற்றைத் துளை என்றால் பெரும்பாலும் முள். பாதையோர வேலிகளை வெட்டிவிடும் காலத்தில் முள் நிறையக் கிடக்கும்.

இங்கே மூன்று வகை வால்வுகள் புழங்குகின்றன: காரில் உள்ளது, ஒல்லியான பிரெஞ்சு வகை, டன்லப் வகை. கடைசி வகை நம் ஊர் சைக்கிள் வால்வுக்கு உறவு. பெட்ரோல் பங்க் காற்று கார் வால்வுக்கு மட்டுமே நேரே பொருந்தும். மற்றவற்றுக்கு ஒரு சிறு பித்தளை இணைப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், வெளியே எடுப்பதும் திரும்ப மாட்டுவதும் எளிது. பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டுப் புது ட்யூப் போட்டு, நூறு மீட்டரில் மறுபடி இறங்குபவர்கள் ஏராளம். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மறையும் வரை ஐந்து நிமிடம் பொறுத்துப் பிறகே ஒட்டுங்கள். மழையில் ஒட்ட முயல வேண்டாம், மாற்று ட்யூபைப் போட்டுவிட்டு மாலையில் கூடாரத்தில் ஒட்டலாம்.

வேறென்ன பழுது வரும்?

சுமை ஏற்றிய சைக்கிளில் ஸ்போக்ஸ் முறிவதுதான் நாளையே கெடுக்கும் பழுது. முறிவது அநேகமாகப் பின்சக்கரத்தில், கியர் பக்கத்தில். அங்கே கம்பிகள் மிக இறுக்கமாக இருக்கும், எடையும் அதன்மேலேயே. ஒன்று முறிந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். விளிம்பு இடப்பக்கம் இழுத்துப் பிரேக்கில் உரசும். முறிந்ததன் இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை அரைச்சுற்று தளர்த்தினால் உரசல் நிற்கும். அடுத்த ஊர்க் கடை வரை மெதுவாகப் போகலாம். கியர் பல்சக்கரத்தைக் கழற்றாமலே மாட்டக்கூடிய நூலிழை அவசர ஸ்போக்கும் விற்கிறார்கள், எடை ஒன்றுமில்லை.

மழை நாள் முடிவில் செயினைத் துணியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டு மறுபடி துடையுங்கள். எண்ணெய் வழியும் செயின் ஆற்று மணலைப் பிடித்து அரைத்துவிடும்.

சாப்பாடும் தண்ணீரும்?

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறக்கும், பெட்ரோல் பங்கில் விலை அதிகம். சனிக்கிழமை மதியமே இரண்டு நாளுக்கு வாங்கிவிடுங்கள். திங்கள் அரசு விடுமுறை என்றால் மூன்று நாளுக்கு.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். வழியில் தீர்ந்தால் கிராமக் கல்லறைத் தோட்டங்களில் செடிக்கு ஊற்றும் குழாய் இருக்கும். "கைன் ட்ரிங்க்வாஸர்" என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

ஸ்பிரிட் அடுப்பு இங்கே வசதி. எரிக்கும் ஸ்பிரிட் ஒரு லிட்டர் புட்டியாக சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 30 முதல் 40 மில்லி ஆகும். கேஸ் அடுப்பு என்றால் திருகு வகை உருளை வெளிப்பயணக் கடைகளில்தான் நிச்சயம். சிற்றூர்க் கடையில் இருப்பது வேறு வகையாக இருக்கலாம். இரண்டு எரிபொருளையுமே விமானத்தில் கொண்டுவர முடியாது. சோறு பொங்க எரிபொருள் நிறையப் பிடிக்கும். வறுத்த ரவையும் கூஸ்கூஸும் கொதித்த நீரில் ஐந்து நிமிடத்தில் தயார். கூஸ்கூஸ் எந்தக் கடையிலும் உண்டு, கூட்டுப்பொடி மட்டும் வீட்டிலிருந்து வரட்டும்.

காலிப் புட்டிகளை எறியாதீர்கள். கேனுக்கும் ஒருமுறைப் பிளாஸ்டிக் புட்டிக்கும் 25 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

சாலை விதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் பழகியவர்களுக்குத் தடுமாற்றம் வருவது நேர்ச்சாலையில் அல்ல. காலையில் வெறிச்சோடிய சாலையில் முதலில் ஏறும்போதுதான் கை தானாக இடப்பக்கம் போகும். குறியீடு இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்புறமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. சைக்கிள் படம் போட்ட நீல வட்டப் பலகை இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். பெரியவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, மணி ஆகியவை கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் போடுங்கள். ஓட்டும்போது கையில் கைபேசி இருந்தால் 55 யூரோ அபராதம். பீர்த் தோட்டங்கள் பாதையோரமாகவே இருக்கும். குடித்துவிட்டு ஓட்டுவது சைக்கிளிலும் குற்றம், ரத்தத்தில் மது 1.6 புரோமில் (ஆயிரத்தில் 1.6 பங்கு) என்றால் தடுமாறாமல் ஓட்டினாலும் வழக்கு.

எந்த மாதம் நல்லது? வெள்ளம் வருமா?

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் தாழ்ந்த பாதைகள் நீரில் மூழ்குவதுண்டு. வடிந்த பிறகு தாரின் மேல் வழுக்கும் சேறு படிந்திருக்கும். கோடையிலும் மேல்பகுதியில் பெருமழை என்றால் ஆற்றின் நீர்மட்ட அளவை இணையத்தில் பாருங்கள். மைதானக்காரர் "மேலே நகருங்கள்" என்றால் இரவானாலும் உடனே நகர வேண்டும்.

ஆற்றில் குளிக்கலாமா?

கப்பல் போகும் ஆறுகளில் வேண்டாம். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல் அணைக்கட்டுகளுக்கு நடுவே நீர் அமைதியாகத் தெரியும். அவற்றின் முனையில் சுழல் இருக்கும். ஊர்களில் திறந்தவெளி நீச்சல்குளங்கள் உண்டு.

உண்ணி?

உயரமான புல்லில் உட்கார்ந்த நாளன்று குளிக்கும்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள். இருந்தால் உண்ணி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் ஊற்ற வேண்டாம். சில நாளில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117.

ரயிலில் சைக்கிளோடு வருவதும் திரும்புவதும்?

ஹன் மியுண்டனுக்குக் கஸெலிலிருந்தும் கோட்டிங்கனிலிருந்தும் வட்டார ரயில் உண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) ஆளுக்கு மட்டும்தான். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, அதன் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தொலைதூர ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், கோடையில் அந்த இடங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பைகளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். சைக்கிள் படம் போட்ட பெட்டி எங்கே நிற்கும் என்பதை நடைமேடையில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட் கார்ல்ஸ்ஹாஃபன், ஹொக்ஸ்டர், ஹோல்ட்ஸ்மிண்டன் மூன்றிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஹோல்ட்ஸ்மிண்டனை விட்டால் ஹாமெல்னுக்குச் சற்று முன்னுள்ள எம்மர்தால் வரை கரையோரம் ரயிலே கிடையாது. நடுவில் உள்ள போல்லெ, போடன்வெர்டர் இரண்டிலும் பேருந்துதான். சைக்கிளை ஏற்றுவார்களா என்பது அந்தந்த வண்டியைப் பொறுத்தது. முழங்கால் வலியோ மழையோ இருந்தால் முடிவை ஹோல்ட்ஸ்மிண்டனிலேயே எடுத்துவிடுங்கள்.